வினைக்கு வால் ஆனவள்

ஐயைப் பற்றிச் சொல்வார்கள். யூவைப் பற்றிச் சொல்வார்கள். ஷீ பட்ட பாட்டைச் சொல்லி உச்சுக்கொட்டுவார்கள். ஆங்கிலம் என்ற ஊரின் கதையை எவர் சொன்னாலும் இந்த மூவரோடு நிறுத்திக்கொள்வார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த எஸ் என்பவளின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. கதையே அவளுடையது. ஆகையால் அவளிடமிருந்தே தொடங்குவோம்.

சொற்கள் கைகால் முளைத்து நடமாடி, வாய்விட்டுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், அவ்வூரில் சொற்களுக்கு மட்டுமே வீடு இருந்தது. எழுத்துகளுக்கு வீடு கிடையாது. நாலைந்து எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லைத் தாங்கி நிற்கும். சொல் உள்ளே சாய்ந்து உட்காரும், எழுத்துகள் சுவரோடு சுவராக நிற்கும். இந்த விதிக்குத் தப்பியவர்கள் இருவர்தாம். ஒருவன் ஏ. 'ஒரு' என்ற பொருளில் யார் முன்னாலாவது போய் நின்று பிழைத்துக்கொண்டான். மற்றவன் ஐ. ஒற்றை எழுத்தாகப் பிறந்திருந்தும், 'நான், நான்' என்று மார்தட்டியே ஒரு முழுச் சொல்லாகிவிட்டான். அந்நாளில் ஐ குள்ளன். பெரிய தலைப்பாகை ஒன்றைக் கட்டி உயரத்தை ஒப்பேற்றிக்கொள்வான்.

அவனுக்கு எதிர்வீடு யூ. 'நீ' என்றாலும் அவன்தான், 'நீங்கள்' என்றாலும் அவன்தான். ஒருவனா பலரா, மரியாதையா அலட்சியமா என்று அவன் முகத்தைப் பார்த்து எவரும் கண்டுபிடித்ததில்லை. அப்படி ஒரு முகம் உள்ளவனை நம்புவது கடினம். எஸ் நம்பவில்லை.

தெருக்கோடியில் ஷீயின் வீடு. ஷீ என்றால் 'அவள்'. எதிரே வந்து நிற்கும்போது எவரும் அவளை ஷீ என்று கூப்பிடமாட்டார்கள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போன பிறகே அந்தப் பெயர் வாயில் வரும். அவளுடைய தம்பி ஹீக்கும், அவர்கள் வீட்டுப் பூனை இட்டுக்கும் இதே கதிதான். தங்கள் பெயரைத் தங்கள் காதால் கேட்டிராதவர்கள் வாழ்ந்த வீடு அது ஒன்றுதான்.

ஐயும் யூவும் காலையும் மாலையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவார்கள். பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். அந்த ஆள் அங்கே இருக்கக் கூடாது. ஷீ வருகிறாளா என்று பார்ப்பதற்காகவே ஐ தன் வாசலில் எஸ்ஸை உட்காரவைத்திருந்தான். தெருவில் ஷீயின் தலை தெரிந்ததும் எஸ் "ஸ்ஸ்" என்பாள். உள்ளே பேச்சு அறுந்துபோகும். ஐ எழுந்து, தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, "வாங்கம்மா, உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தோம்" என்பான். அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

இந்த வேலைக்குக் கூலி ஒரு வீடு என்று பேச்சு. மாதம் ஒருமுறை எஸ் நினைவூட்டுவாள்.

"எனக்கு எப்பய்யா வீடு?"

"பாக்கலாம் புள்ளே. ஒத்தை எழுத்துக்கு வீடுன்னா சும்மாவா?"

"நீங்களும் ஒத்தை எழுத்துதானே."

"அதான் சொல்றேன், சும்மா இல்லைன்னு."

ஊர் நடுவே ஒரு கல்மேடை இருந்தது. அதன்மேல் நெல்லிக்காய் அளவில், கன்னங்கரேலென்று முற்றுப்புள்ளி இருந்தது. எந்தப் பேச்சையும் முடிக்க விரும்புகிறவர் போய் அதைத் தொடுவார், பேச்சு முடிந்துவிடும், வீட்டுக்குப் போகலாம். ஐ தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கேட்பவர்கள் பத்தாவது நிமிடத்தில் எழுந்துபோய்ப் புள்ளியைத் தொட்டுவிட்டு ஓடிவிடுவது வழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் மேடை வெறுமையாகக் கிடந்தது.

அன்று மாலைக்குள் ஊர் சீரழிந்துவிட்டது. மீன் வாங்கப் போனவள் விலை பேசிக்கொண்டே இருந்தாள். மீன் நாறிப்போயிற்று, விலை படியவில்லை. விருந்துக்கு வந்தவர் "அப்ப நான் வரட்டுமா, போயிட்டு வர்றேன், வந்துட்டுப் போறேன்" என்று வாசற்படியிலேயே நின்றார். வீட்டுக்காரி அவருக்கு மூன்றாம் தடவையாகக் காப்பி கலந்தாள். சண்டையிட்ட இருவர் காரணம் மறந்துபோன பிறகும் நிறுத்த வழியில்லாமல், ஒருவர் தாத்தாவை மற்றவர் திட்டும் நிலைக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

எஸ் வாசலில் உட்கார்ந்து வேறொன்றைப் பார்த்தாள். ஊரே தவித்தபோது தவிக்காதவன் ஒருவன் இருந்தான். ஐ அன்று நாலு மணி நேரம் தன்னைப் பற்றிப் பேசினான். எழுந்து போக ஒருவராலும் முடியவில்லை.

சனிக்கிழமை ஷீ உறைமோர் கேட்டு வந்தாள். எஸ் "ஸ்ஸ்" என்றாள். ஐ எழுந்தான், பல்லைக் காட்டினான். தலைப்பாகைக்குப் போன கை பாதி வழியில் நின்று, அதைக் கழற்றாமல் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுக் கீழே இறங்கியது.

"தலைவலிம்மா. தப்பா நினைக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமையும் தலைவலி. எத்தனையோ வருடங்களாக இல்லாத தலைவலி. எஸ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வந்த பதிலை நம்ப வேண்டியிருக்கும்.

இங்கே அவ்வூர் வினைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலை செய்பவர்கள் அவர்கள்தாம். நம் மொழியின் வினைகளுக்கு வால் உண்டு: எடுக்கிறேன், எடுக்கிறாய், எடுக்கிறாள் என்று வாலைப் பார்த்தே யாருடைய வேலை என்று சொல்லிவிடலாம். அவ்வூர் வினைகள் மொட்டை. எடுக்கிற வேலைக்கு டேக் என்று ஓர் ஆள். ஐ கூப்பிட்டாலும் டேக், யூ கூப்பிட்டாலும் டேக், ஷீ கூப்பிட்டாலும் அதே டேக், அதே முகம். முடிந்துபோனதைச் சொல்வதற்கு மட்டும் அவனுடைய அண்ணன் டுக் போவான்.

திங்கட்கிழமை காலை டேக் ஐ வீட்டுக்கு அழைக்கப்பட்டான். யூவும் இருந்தான். எஸ் வாசலில் இருந்தாள். வாசலில் இருப்பவளுக்குக் காது உண்டு என்பதை அந்த வீட்டில் எவரும் பொருட்படுத்துவதில்லை.

"நாளைக்கு சபையில நீ ஷீ பேருக்குப் பின்னால நிக்கணும்" என்றான் ஐ.

"கூப்பிட்டா நிப்பேன் மொதலாளி. எதுக்குங்க?"

"புள்ளியை எடுக்கிறவ அவதான்னு சொல்றதுக்கு."

"'அவ எடுத்தா'ன்னு சொல்றதுதானே முறை, மச்சான்?" என்றான் யூ. "அதுக்கு டுக் இருக்கானே?"

"டுக் வந்தா, எப்போ எடுத்தா, எங்க எடுத்தா, யாரு பாத்தான்னு கேப்பாங்க. டேக் போனான்னா 'அவ எடுக்கிறவ'ன்னு ஆயிடும். எப்போன்னு எவனும் கேக்க மாட்டான். இன்னிக்கும் எடுக்கிறவ, நாளைக்கும் எடுக்கிறவ. முடிஞ்சுது."

யூ வாய்விட்டுச் சிரித்தான். டேக்குக்குத்தான் ஏதோ உறுத்தியது.

"மொதலாளி, வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்க கூப்பிட்டப்பவும் நான்தானே வந்தேன்?"

"வந்தே. யாருக்காக வந்தேன்னு உன் மூஞ்சியில எழுதி வெச்சிருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்ன?"

சிறிது நேரம் கழித்து ஐ வெளியே வந்தான். எஸ்ஸை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போல் பார்த்தான்.

"எல்லாம் கேட்டுச்சா?"

"காது இருக்கே ஐயா."

"நல்லது. ஷீயை ஊரை விட்டு அனுப்பினதும் அந்த வீடு உனக்கு. நாளைக்குச் சாயங்காலமே சாவி உன் கையில. நீ செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்லை. வாசல்ல உக்காந்திரு, அது போதும்."

அவ்வூர்ச் சபைக்கு இரண்டு விதிகள் உண்டு. இரண்டு வாய் ஒன்றுபோலச் சொன்னால் அது நடந்தது என்று பொருள். யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் உள்ளே இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட விதிகளை யார் எழுதியிருப்பார்கள் என்று எஸ்ஸுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எழுதியவர்கள் எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள் என்பது அந்தச் சந்தேகம்.

அன்று மாலை அவள் தெருக்கோடிவரை நடந்து ஷீயின் வீட்டைப் பார்த்தாள். இரண்டு அறை, ஒரு முற்றம், பின்புறம் முருங்கை. சாய்ந்து உட்காரச் சுவர் இருந்தது. எஸ்ஸின் உடம்பு கொக்கிபோல் வளைந்தது. பிறந்த நாளிலிருந்து அது எதிலும் சாய்ந்ததில்லை. அந்த வீடு அவளுக்கு வேண்டியிருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

ஷீயை அவளுக்குப் பிடிக்கும் என்றும் எவரும் நினைக்க வேண்டாம். இத்தனை வருடங்களில் வாசலைத் தாண்டிப்போன ஷீ ஒருநாளும் அவளை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் எஸ் எதையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துப் பழகியவள். இன்றைக்கு ஷீயின் வீட்டை எனக்குத் தருகிறவன், நாளைக்கு என் வீட்டை யாருக்குத் தருவான்? நான் வீட்டுக்குள் போய்விட்டால் வாசலில் வேறொருத்தி உட்காருவாள். அவள் யாரைக் கண்டு ஸ்ஸ் என்பாள்? என்னைக் கண்டுதான். கண்ணில் படாமல் உள்ளே இருப்பவள் எவளோ, அவளுக்கு அந்தத் தெருவில் பெயர் ஷீ.

மறுநாள் சபை கூடியது. தலைவர் டூ. கேள்வி கேட்பதே அவர் தொழில். அவர் முன்னால் நடந்து போனால்தான் அவ்வூரில் ஒன்று கேள்வி ஆகும். ஷீயை வெளியே ஆலமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். எஸ் வழக்கம்போல் வாசலில். அவ்வூர் முறைப்படி ஆள் முன்னால், வேலை அதன் பின்னால். ஷீயின் பெயர்ப்பலகையை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் டேக்கை நிறுத்தினார்கள்.

ஐ எழுந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "ஷீ டேக்" என்றான். ஒரு வாய் ஆயிற்று.

டூ டேக்கைக் கேட்டார். "நீ யாருக்காக எடுக்கிறவன்?"

"கூப்பிட்டவங்களுக்குங்க."

"ஷீ கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா போவேனுங்க."

"போனியான்னு கேக்கறேன்."

"என் மூஞ்சியைப் பாத்தாத் தெரியுமான்னு மொதலாளி கேட்டாருங்க. தெரியாதுங்களாம்."

சபை சிரித்தது. ஐ சிரிக்கவில்லை, யூவைப் பார்த்துத் தலையசைத்தான். யூ எழுந்தான்.

"ஷீ டேக்" என்றான் யூ.

முற்றுப்புள்ளி இல்லாத ஊரில் ஒரு வாக்கியம் சொன்ன உடனே முடிந்துவிடாது. கடைசியில் ஓர் இடம் திறந்தே கிடக்கும். அந்த இடம் எஸ்ஸின் கண்ணில் பட்டது. அவள் எழுந்தாள். சபைக்கு நடுவே நடந்தாள். டேக்கின் முதுகில் தன் வளைந்த உடம்பை மாட்டி, வாலாகத் தொற்றிக்கொண்டு, "ஸ்ஸ்" என்றாள்.

இரண்டு நாள் எச்சரிக்கை பல வருடப் பழக்கத்தின் முன் நிற்காது. ஐ துள்ளி எழுந்தான். வாசலை நோக்கித் திரும்பினான். தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, "வாங்கம்மா, உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தோம்" என்றான்.

வாசலில் எவரும் இல்லை. அவனுடைய வழுக்கைத் தலையின் உச்சியில், கன்னங்கரேலென்று முற்றுப்புள்ளி உட்கார்ந்திருந்தது.

"தலையில என்னய்யா?" என்றார் டூ.

"தலைவலிக்கு வெச்சது."

"எத்தனை நாளா வலி?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து" என்று சொல்லிவிட்டுத்தான் ஐ வாயை மூடினான்.

யூ அதற்குள் ஓரடி தள்ளி நின்றிருந்தான். தான் சொன்னது நீ என்ற முறையிலா நீங்கள் என்ற முறையிலா என்பது தனக்கே தெளிவாக இல்லை என்று அவன் பின்னர் விளக்கம் அளித்தான்.

ஷீயை உள்ளே அழைத்து நடந்ததைச் சொன்னார்கள். அவள் ஐயைப் பார்க்கவில்லை. டேக்கின் முதுகில் தொங்கிய எஸ்ஸைப் பார்த்தாள்.

"நான் தெருவுல வர்றப்பல்லாம் ஒரு சத்தம் கேக்கும். பாம்புன்னு நினைச்சேன். நீதானா அது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"வீடு தர்றேன்னாங்க."

"யார் வீடு?"

"முதல்ல சொல்லலை. நேத்துதான் சொன்னாங்க. உங்க வீடு."

"இன்னிக்கு நீ செஞ்சதுக்கு நன்றி சொல்லணும். சொல்லிட்டேன். ஆனா என் வாசல்ல நீ உக்காந்தா எனக்குத் தூக்கம் வராது." சொல்லிவிட்டு ஷீ வெளியே போய்விட்டாள்.

"இறங்கும்மா" என்றார் டூ. "வேலை முடிஞ்சுதே."

"இறங்கி எங்க போறது?" என்றாள் எஸ். ஐயின் வாசல் இனி இல்லை. ஷீயின் வாசலும் இல்லை. "இங்கேயே இருந்துக்கறேன். இல்லாத ஒருத்தரைப் பத்தி, அவங்க இப்படிப்பட்டவங்கன்னு யாராவது சொன்னா, நான் இந்த வால்ல உக்காந்து ஸ்ஸ்ங்கறேன். சொல்றவங்க காதுலயே விழட்டும்."

"எங்களைப் பத்திப் பேசினாலுமா?" என்றார்கள் பின்வரிசையில் இருந்த தே கூட்டத்தார். தே என்றால் 'அவர்கள்'.

"நீங்க பத்துப் பேரு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவீங்க. ஷீ, ஹீ, இட்டுன்னு ஒத்தையா இருக்கிறவங்களுக்குத்தான் நான்."

"நேத்து நடந்ததைச் சொல்ல நான் வந்தா?" என்றான் டுக்.

"உன்னை எப்போ, எங்கன்னு கேட்டு மடக்கிடலாம். நான் வேண்டாம்."

கேன், வில் என்று இரண்டு அதிகாரிகள் அங்கே இருந்தார்கள். 'முடியும்' என்று அறிவிப்பது முதலாமவர் வேலை. 'நடக்கும்' என்று அறிவிப்பது இரண்டாமவர் வேலை. தங்கள் பின்னால் வரும் வினையின்மேல் எவரும் ஏறக் கூடாது என்று இருவரும் முகத்தைச் சுளித்தார்கள்.

"ஏற மாட்டேன்" என்றாள் எஸ். "நீங்க சொல்றது இன்னும் நடக்கவே இல்லை. நடக்காததுக்கு நான் காவல் இல்லை."

டூ தாடையைத் தடவினார். "நான் கேள்வி கேக்க வந்தா?"

"உங்க வால்லதான் உக்காருவேன்."



"என் வால்லயா? நான் யார்மேலயும் பழி சொல்றவன் இல்லையேம்மா. கேக்கறவன்."

"பாதிப் பழி கேள்வியிலதான் பொறக்குது தலைவரே. 'அவ எடுக்கிறவளா?'ன்னு நீங்க கேட்டுட்டாப் போதும். ஊரு பதிலுக்குக் காத்திருக்காது."

"அப்போ டேக்கோட வால்ல?" என்று கேட்டார் டூ.

"நான் ஒருத்தி. ஒரு நேரத்துல ஒரு வால்லதான் உக்கார முடியும். உங்ககிட்ட வந்துட்டா டேக் மொட்டையா நிப்பான்."

அப்படியே தீர்ப்பாயிற்று. டூ எழுந்துபோய்ப் புள்ளியை மேடையில் வைத்துத் தொட்டார். நாலு நாள் பேச்சு ஒரே நொடியில் முடிந்தது. ஐக்கும் தண்டனை கிடைத்தது. தனியே நிற்கும்போது அவன் நெட்டையாக நிமிர்ந்து, வெறுந்தலையோடு நிற்க வேண்டும். மற்ற எழுத்துகளின் கூட்டத்துக்குள் நிற்கும்போது மட்டும் குட்டையாகி, தலையில் ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் அவனைக் கவனிக்க ஆள் இருக்கும். அந்த நெட்டை உருவத்தைப் பெருமை என்று அவன் இன்றுவரை சொல்லித் திரிகிறான்.

எஸ்ஸுக்கு வீடு கிடைக்கவில்லை. தனித்து நின்று ஒரு சொல்லாகும் உரிமை அவளுக்கு அன்றும் வரவில்லை, பின்னரும் வரவில்லை. ஷீ அவளோடு மறுபடி பேசியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் 'ஷீ டேக்' என்று எழுதி அவளைத் தெருவில் விடுகிறார்கள்; இல்லையென்றால் 'டஸ் ஷீ டேக்ஸ்' என்று எழுதி ஒருத்தியை இரண்டு வாலில் ஏற்றுகிறார்கள்; இரண்டுக்கும் சிவப்பு மைதான் விழுகிறது. அன்று முதல்தான் அவ்வூரில் எதிரே இல்லாத ஒருவரைப் பற்றி, அவர் இன்னது செய்கிறவர் என்று எவர் சொன்னாலும், நல்லதே சொன்னாலும், வினையின் கடைசியில் ஒரு 'ஸ்' போடாமல் சொல்ல முடிவதில்லை. எஸ் அந்த வாலில்தான் இருக்கிறாள், வீடு இல்லாமல்.